கூப்பிடக் கூசும் பெயர்

ஷஹ்ஹாத் வாத்தியாருக்குத் தன் பெயரைக் கேட்டாலே குமட்டும். காலையில் பள்ளிக்கூட வாசலில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், சாப்பிட்டுவிட்டு வந்த அவரைக்கூழ் நெஞ்சுவரை ஏறி வந்து நிற்கும். ஷஹ்ஹாத் என்றால் பிச்சைக்காரன். என்றைக்கோ ஒருநாள் வேறு வழியில்லாமல் கை நீட்டியவன் அல்ல, அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கை நீட்டுகிறவன். பொருள்தான் அப்படி அமைந்துவிட்டது, ஓசையாவது கொஞ்சம் கேட்கும்படியாக இருந்து தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. நடுவில் வரும் எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து உரசி எடுத்து, இரண்டு மடங்காக அழுத்த வேண்டும். கோழையைக் காறி இழுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கூப்பிடுகிறவன் பெயரைச் சொல்லி முடித்த கையோடு பக்கத்தில் துப்பப்போகிறான் என்றே அவருக்குத் தோன்றும்.

பெயர் வைத்தவள் தாய். இவருக்கு முன்னால் பிறந்தவை எல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. கண்ணேறு என்றார்கள் சிலர். பச்சைக் குழந்தையைத் தூக்கிப்போகும் கரீனா என்ற பேய்ச்சி, அழகான பெயரைக் கேட்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள் என்றார்கள் மற்றவர்கள். அதனால் இவர் பிறந்து தீட்டுக் கழிந்ததும் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் நின்று கிழிசல் துணி பிச்சை வாங்கினாள். அதையெல்லாம் ஒட்டுப்போட்டுச் சட்டையாக்கிப் பிள்ளைக்குப் போட்டு, பெயரையும் அதற்கேற்றாற்போல வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். எங்கள் நைல் கரையில் இது யாரும் வியக்கிற காரியமில்லை. முஸ்லிம் வீட்டிலும் உண்டு, கிறிஸ்தவர் வீட்டிலும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு குப்பை இருந்தான், ஒரு கழுதைக்குட்டி இருந்தான். கழுதைக்குட்டி பிற்பாடு நீதிமன்றத்தில் எழுத்தர் ஆகி, கார் வாங்கினான். பெயரைக் கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப்போகிற அளவுக்குப் பேய்ச்சி அவ்வளவு நாசூக்கானவளா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கழுதைக்குட்டி தன் பெயரைச் சிரித்துக்கொண்டே சுமந்தான். ஷஹ்ஹாத்தால் முடியவில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் மொழி படிக்கப் போனார் என்று நான் சந்தேகப்படுகிறேன். அஸ்யூத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடத்தில் அவருக்கு வேண்டிய மருந்து கிடைத்தது. ஒலிக்கும் பொருளுக்கும் ரத்த உறவு கிடையாது. மரத்துக்கு மரம் என்று பெயர் வந்தது ஊர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தால். நாளைக்கே எல்லோரும் கூடி அதைக் கல் என்று சொல்ல முடிவெடுத்தால் அது கல். இதைக் கேட்ட அன்று அவர் விடுதிக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாராம். தொண்டையை உரசும் அந்த எழுத்தேகூட அன்பு என்ற சொல்லில் இருக்கிறது, கருணை என்ற சொல்லில் இருக்கிறது, அதை என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் கேட்பார்.

ஆனால் விதி அவரை அரபி வாத்தியாராக்கியது, அரபிப் பாடத்தில் அச்சுகள் என்றொரு பாடம் வந்து தொலைத்தது. அரபியில் சொல்லை வார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று எழுத்து மூலப்பொருள், அதை ஊற்ற வெவ்வேறு அச்சு. உடைத்தான் என்பதற்கு கஸர. நடு எழுத்தை இரட்டித்துக் கஸ்ஸர என்று அழுத்திவிட்டால், அடித்து நொறுக்கினான். வாய் இரண்டுமுறை மோதுகிறது, பொருளும் இரண்டுமுறை மோதுகிறது. அதே இரட்டிப்பு அச்சில் ரொட்டியை ஊற்றினால் ரொட்டி சுடுகிறவன், தையலை ஊற்றினால் தையற்காரன், ஒரே வேலையை ஓயாமல் செய்கிறவன் எவனும் அந்த அச்சிலிருந்துதான் வெளியே வருவான். ஒலிக்கும் பொருளுக்கும் உறவே இல்லை என்று நம்பிய மனுஷன், உறவு இருக்கிறது என்று பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

வருஷாவருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, முகத்தைப் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டு கேட்பான். "உஸ்தாத், பிச்சையை அதே அச்சுல ஊத்துனா என்ன வரும்?" வகுப்பு வெடிக்கும். ஒருமுறை ஆய்வாளரே பின்னால் உட்கார்ந்திருந்தார். அவரும் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, நல்ல எடுத்துக்காட்டு, பையன்களுக்கு மறக்காது என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த ஆளின் மீசையில் ஒட்டியிருந்த எலுமிச்சை ஊறுகாய்த் துணுக்கை வாத்தியார் சாகும்வரை மறக்கமாட்டார்.

ஆசிரியர் அறையில் லபீப் இருந்தார், கணக்கு வாத்தியார். மோசமானவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. தேநீர் வரும்போதெல்லாம், "உஸ்தாத் ஷஹ்ஹாத்துக்கு முதல்ல குடுப்பா, அல்லா உனக்குக் கூலி குடுப்பான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஷஹ்ஹாத்தும் பல்லைக் காட்டுவார். அப்படிப் பல்லைக் காட்டியதற்காக வீட்டுக்கு வந்து வாய் கொப்பளிப்பார்.

ஸனிய்யாவைக் கட்டிக்கொண்டபோது அவர் மனதில் ஒரு வைராக்கியம் இருந்தது. என் பிள்ளைகளுக்கு நான் வைக்கிற பெயர், கேட்கிறவன் காதில் தேனாய் விழ வேண்டும். மூத்த மகனுக்குப் பஹ்ஜத் என்று வைத்தார், பெருமகிழ்ச்சி என்று பொருள். நாற்பது நாள் ஆகும் முன் போய்விட்டான். அடுத்தவளுக்கு நாதிரா, கிடைத்தற்கரியவள். கிடைத்தற்கரியவள்தான், பல் முளைக்கும்வரைகூட இருக்கவில்லை. பட்ட காலிலே படும் என்பது சும்மாவா?

மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே ஸனிய்யா முடிவெடுத்துவிட்டாள். பிள்ளை பிறந்தது தூபா மாதத்தில், விரல் நுனி மரத்துப்போகும் குளிரில். ஆண் பிள்ளை. தாதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறியதும் ஸனிய்யா அவரை உள்ளே கூப்பிட்டாள். எங்கள் வழக்கப்படி மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் புருஷனைக் கூப்பிடுவாள், அந்தப் பிள்ளை மண்ணுக்குள் இருந்தாலும்.

"பஹ்ஜத் அப்பா, இவன் பேரு கீஷா."

கீஷா என்றால் கோணி. புதுக் கோணிகூட அல்ல, தரை துடைத்துவிட்டு மூலையில் போடுகிற ஈரக் கோணி. சொல்லிப் பாருங்கள், அதை இழுக்கும்போது தரையில் கேட்கிற அதே சத்தம்தான் வாயிலும் கேட்கும். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வஸீம்னு வெக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

"வஸீமாம், அழகனாம்! ரெண்டு பேருக்கு அழகா பேரு வெச்சீங்க. ரெண்டையும் அந்தப் பேருதான் கூட்டிட்டுப் போச்சு."

"பேருங்கறது வெறும் சத்தம் ஸனிய்யா. ஊர் கூடி ஒத்துக்கிட்ட சத்தம். அதுக்குக் கையும் காலும் கிடையாது."

"வெறும் சத்தம்னா உங்க பேரைச் சொன்னதும் உங்க மூஞ்சி ஏன் அப்படிச் சுருங்குது?"

அவர் சுவரைப் பார்த்தார். ஸனிய்யா விடவில்லை. பெயர் மட்டும் போதாது, ஏழு வீட்டுத் துணியும் வேண்டும். பெற்றவர்கள் கைதான் நீள வேண்டும், அவளோ பேறுகாலத் தீட்டில் வாசல் தாண்டக் கூடாது. ஆகவே அவர்தான் போக வேண்டும். அதுவரை பிள்ளைக்குச் சட்டை கிடையாது. அவருடைய பழைய பனியன் ஒன்றில் சுற்றி மாரோடு வைத்துக்கொண்டாள்.

"நான் பிச்சை எடுக்கணுமா?"

"உங்கம்மா எடுத்தாங்க. அதனாலதான் நீங்க இருக்கீங்க, என்கிட்ட நின்னு வாதாட."

வாத்தியார் வெளியே வந்து கால்வாய் ஓரம் வெகுநேரம் நடந்தார். செத்த நாய் ஒன்று மதகில் சிக்கி உப்பிக்கிடந்தது, அந்தப் பக்கமே பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே அருவருப்பாக இருந்தது. இந்தத் தண்ணீரும், இந்த ஊரும், பேய்ச்சியை ஏமாற்றக் கோணிப் பெயர் தேடும் இந்தப் புத்தியும். எல்லாவற்றையும்விட, பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமோ என்று தனக்குள் நடுங்கிய அந்த நடுக்கம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனார். அங்கே ஒரு தையற்காரன் காலடியில் வெட்டி விழுந்த துண்டுகள் குவிந்துகிடந்தன. அதில் நிறத்துக்கொன்றாய் ஏழு பொறுக்கினார். புதுத்துணி வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, வரும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றில் வெங்காயத்தைத் தேய்த்தார், ஒன்றில் அடுப்புக் கரியை, ஒன்றில் மண்ணெண்ணெயை. யாருக்கு எந்த வாசனை பொருந்தும் என்று யோசித்து யோசித்துத் தேய்த்தார். துணி துணிதானே, எங்கிருந்து வந்தால் என்ன? உண்மையைச் சொன்னால், அந்த மரத்தடியில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. பேய்ச்சியையும் ஏமாற்றலாம், பெண்டாட்டியையும் ஏமாற்றலாம், தன் மானமும் தப்பும்.

"இந்த நீலக்கோடு போட்டது எதிர்வீட்டு உம் ரஷாத் குடுத்தது," என்று ஸனிய்யாவிடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது லபீப் வீட்டம்மா. இது மாவுமில் ஹாஜி தவ்ஃபீக்."

ஸனிய்யாவின் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கே சட்டை தைத்துப் பிள்ளைக்குப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு வாத்தியார் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை, ஏழாம் நாளே போதுமாயிருந்தது.

ஏழாம் நாள் சடங்குக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிள்ளையைச் சல்லடையில் கிடத்தி ஆட்டினார்கள். உப்பும் தானியமும் இறைத்தார்கள். ஒருத்தி பிள்ளையின் காதருகே பித்தளை உரலை இடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அப்பன் பேச்சைக் கேக்காதே!" என்று கத்தினாள். எல்லோரும் குலவையிட்டார்கள். வாத்தியார் முற்றத்தில் தேநீர்த் தட்டோடு நின்றார். ஸனிய்யா எதிர்வீட்டு உம் ரஷாத் பக்கம் திரும்பினாள். ரஷாதின் தாய் அவள், தெருவில் எந்தப் பேறும் சாவும் அவள் இல்லாமல் நடக்காது.

"உங்க நீலத்துணி நல்ல கெட்டியாக்கா. பிள்ளை நெஞ்சுக்கு நேரா வெச்சுத் தெச்சிருக்கேன்."

"எந்தத் துணிடி?"

"பஹ்ஜத் அப்பா வந்து வாங்கினாரே."

உம் ரஷாத் பிள்ளையின் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நீலக்கோட்டை விரலால் நிமிண்டினாள். பிறகு நிமிர்ந்து முற்றத்தில் நின்ற வாத்தியாரைப் பார்த்தாள். "உன் புருஷன் எங்க படி ஏறவே இல்லையே கண்ணு. இந்த மாதிரித் துணி என் வீட்ல என்னிக்கும் இருந்ததில்ல."

உரல் நின்றது. லபீபின் மனைவியும் அங்கேதான் இருந்தாள், அவளும் இல்லையென்று தலையை ஆட்டினாள். மில் வீட்டு மருமகளும் ஆட்டினாள். ஒவ்வொரு தலையாக ஆட ஆட, அந்தப் பெண்களின் முகத்தில் ஒரு மினுமினுப்பு ஏறியது. அடுத்தவீட்டுக் கறி கருகும் வாசனை வந்தால் வருமே, அதே மினுமினுப்பு. சங்கடப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி விடாமல் பொரிகடலை மென்றுகொண்டிருந்தாள். சே, என்ன ஜென்மங்கள்!

ஸனிய்யா கத்தவில்லை. சல்லடையிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள், சட்டையைத் தலைவழியே உருவினாள், அதைக் கொண்டுபோய் அவர் கையிலிருந்த தட்டில், தேநீர்க் குவளைகளின் மேல் போட்டாள். பிள்ளை வெறும் உடம்போடு குளிரில் வீறிட்டது. "உங்க மானத்தை நீங்களே போட்டுக்கங்க," என்றாள். பிள்ளையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, தீட்டாவது ஒன்றாவது என்று வாசலைத் தாண்டித் தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணன் அப்துல் மவ்ஜூத் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், பேச்சுக் குறைவு. மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. நேத்துலேர்ந்து சரியா பால் குடிக்கல."

"டாக்டர்?"

"பாத்தாச்சு. மருந்து குடுத்திருக்காரு. கதகதப்பா வெச்சுக்கச் சொன்னாரு. அவ கோணியில சுத்தி வெச்சிருக்கா."

வாத்தியார் கடைக்கு ஓடி நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். ஸனிய்யா அதைக் கையால்கூடத் தொடவில்லை, காலால் தள்ளினாள். கோணிக்குள்ளிருந்து பிள்ளையின் மூச்சு சீழ்க்கை போலக் கேட்டது.

"நீ என்ன மனுஷியா? குளிர்ல பிள்ளையைக் கொல்லப்போறியா?"

"மருந்து குடுத்துட்டுத்தான் இருக்கேன். மருந்து உடம்புக்கு. இது வேற." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடையில வாங்கினதைப் போட்டுத்தான் ரெண்டு பேரை அனுப்பி வெச்சோம். ஏழு வீட்டுத் துணி வந்தா சட்டை. இல்லன்னா இந்தக் கோணிதான். அதுவும் இவன் பேருதானே."

அவளைப் பார்க்கவே வாத்தியாருக்கு வெறுப்பாக இருந்தது. வெளியே வந்து சுவரோரம் குந்தி உட்கார்ந்து வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெருவில் எல்லோரும் வீட்டில் இருக்கிற வேளை. அவர் நேரே உம் ரஷாத் வீட்டுப் படி ஏறினார்.

உம் ரஷாத் கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வைக்காமல் விடமாட்டாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். வாயில் வந்தது பள்ளிக்கூடத்துச் செம்மொழி. "அம்மையே, என் மகவின் பொருட்டு ஒரு துண்டுத் துணி ஈந்தருளுங்கள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடேயப்பா! புத்தகத்துல கேட்டா புத்தகம்தான் கிடைக்கும் உஸ்தாத். துணி வேணும்னா துணி கேக்கற மாதிரி கேளு."

"துணி குடுங்க."

"யார் பேர்ல?"

"அல்லா பேர்ல. அல்லாவுக்காக ஒரு கந்தல் குடுங்கம்மா. என் பிள்ளை சாகக் கிடக்குது."

"இப்ப சரியா இருக்கு," என்றாள். அடுப்படியில் போய்ச் சட்டி பிடிக்கிற துணியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் பூண்டு நாற்றமும் கையில் ஒட்டியது. "அன்னிக்கே வந்திருந்தா சுத்தமானதா குடுத்திருப்பேன்," என்று கதவைச் சாத்தினாள்.

அடுத்தது எருமைப்பால் விற்கிற வீடு. கதவைத் திறந்தவன் அவருடைய கடைசி பெஞ்சு மாணவன். வாத்தியார் கையை நீட்டிக்கொண்டு சொல்வதைச் சொன்னார். அவன் வாய் பிளந்து நின்றான், பிறகு "அம்மா! உஸ்தாத் பிச்சைக்கு வந்திருக்காரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். அந்த வீட்டுத் துணியில் சாணம் ஒட்டியிருந்தது.

லபீப் தானே கதவைத் திறந்தார். வாத்தியார் கையிலிருந்த கந்தல்களைப் பார்த்தார். "வேலையில இன்னிக்குத்தான் சேந்தியா?" என்றார், வாய்ப்பழக்கம். சொன்ன மறுநொடி அவர் முகம் அவருக்கே பிடிக்காததுபோலக் கோணியது. உள்ளே போய்த் தலையணை உறை ஒன்றைப் பாதியாகக் கிழித்துக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

அப்புறம் இரண்டு வீடுகள். அங்கேதான் வாத்தியாருக்குப் பயம் பிடித்தது. அவமானத்தால் வந்த பயமல்ல. ஐந்தாவது வாசலில் நின்றபோது, சொற்கள் தாமாகவே வாயில் வந்து விழுந்தன. அல்லாவுக்காக ஒரு கந்தல் குடுங்கம்மா. குரல் எங்கே தழைய வேண்டுமோ அங்கே தழைந்தது. கை சரியான உயரத்தில் நீண்டது. முதல் வாசலில் கல்லாய்க் கனத்த வாக்கியம் இப்போது எச்சிலோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. திரும்பத் திரும்பச் செய்தால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷம் பலகையில் எழுதிக் காட்டினாரே, அது இப்போது தன் நாக்கிலேயே வார்ப்பாகிக்கொண்டிருந்தது. தன்மேலேயே அவருக்கு இவ்வளவு அருவருப்பு இதற்குமுன் வந்ததில்லை. வந்தும் நடையை நிறுத்தவில்லை.

மாவுமில் ஹாஜி தவ்ஃபீக் கந்தல் தர மறுத்துவிட்டார். "படிச்ச மனுஷன், வெக்கமா இல்ல? இந்தா, பணம் வெச்சுக்க. பிள்ளைக்குப் பட்டுல வாங்கிப் போடு." பணத்தைச் சட்டைப்பையில் திணிக்க வந்தார். வாத்தியார் பின்னால் நகர்ந்தார். "பணம் வேண்டாம் ஹாஜி, கிழிசல் குடுங்க." ஹாஜியின் காது சிவந்துவிட்டது. கொடுக்கிறதை வாங்காத பிச்சைக்காரனை அவர் பார்த்ததில்லை. முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார். அவருடைய மருமகள் பின்கட்டு வழியாக ஓடிவந்து, மாவு படிந்த சாக்குத் துண்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் கையில் வைத்து அழுத்தினாள்.

தெருவில் மீதி வீடுகள் பூட்டிக்கிடந்தன, அல்லது பூட்டியதுபோலக் கிடந்தன. சேதி அவருக்கு முன்னாலேயே ஓடிவிட்டது. ஏழாவதுக்கு எங்கே போவது? மசூதிக்குப் பின்னால் தகரக் குடிசையில் வஹீபா இருந்தாள், ஊரின் நிஜப் பிச்சைக்காரி. அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடக்கிறவர் வாத்தியார். இப்போது குனிந்து அவள் குடிசைக்குள் தலையை நீட்டினார். மூத்திர நாற்றம் மூக்கில் அறைந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சீறினாள். "எந்தத் தெருவுல போய்க் கேட்டே?"

சொன்னார்.

"அது என் தெரு! வெள்ளிக்கிழமை மதியம் நான் போற வேளை! நீ போய் எல்லாத்தையும் கறந்துட்டா இன்னிக்கு எனக்கு எவ குடுப்பா? சம்பளம் வாங்கற நாயே, இதுலயும் பங்குக்கு வர்றியா?" கையில் கிடைத்த செருப்பை எறிந்தாள், அது அவர் தோளில் பட்டது. வாத்தியார் நகரவில்லை. அல்லாவுக்காக, அம்மா, பிள்ளை, என்றார். அவள் கொஞ்சநேரம் மூச்சிரைத்தாள். பிறகு தன் முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்து, எறிகிற மாதிரி கொடுத்தாள். "எடுத்துட்டு ஓடு. இனிமே இந்தத் தெருவுல உன்னைப் பாத்தேன், காலை ஒடிச்சுருவேன்."

மச்சான் வீட்டில் ஸனிய்யா அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவர் துணிகளை அவள் முன்னால் போட்டார். அவள் தொடவில்லை. "போன தடவையும் இப்படித்தான் கொண்டாந்து வெச்சீங்க. யாரு என்ன சொன்னாங்க, சொல்லுங்க."

அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். புத்தகத்தில் கேட்டதையும் உம் ரஷாத் சிரித்ததையும், பையன் தெருவுக்கே கேட்கக் கத்தியதையும், லபீப் சொன்னதையும், ஹாஜியின் பணத்தையும். வஹீபா அவரை நாயே என்றதையும் அவள் குரலிலேயே சொன்னார். துணியை ஸனிய்யா நம்பியிருக்கமாட்டாள், வசவை நம்பினாள். இந்த மனுஷன் தன்னைப் பற்றி இப்படியெல்லாம் கற்பனை செய்துகூடச் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வஹீபாவின் முக்காட்டுத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். உடனே அண்ணியிடம் ஊசி கேட்டாள்.

"வெந்நீர்ல போட்டு அலசிட்டுத் தையேன்," என்றார் மச்சான். அதை மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள். அடுப்பில் கொதிக்கவைத்து, அந்த நெருப்பிலேயே காயவைத்து, அவசர அவசரமாகத் தைத்தாள். சட்டை கோணல்மாணலாக இருந்தது. சாக்கும் தலையணை உறையும் கறுப்பு முக்காடும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. இப்படியொரு அசிங்கமான உடுப்பை வாத்தியார் பார்த்ததே இல்லை. பிள்ளை அதற்குள் போனபோது அதன் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்வாங்கின.

"இப்ப கூப்பிடுங்க," என்றாள் ஸனிய்யா.

"யாரை?"

"இவனை. பெத்தவர் கூப்பிட்டாத்தான் பேரு ஒட்டும். இன்னும் ஒரு தடவைகூட நீங்க கூப்பிடல."

அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேய்ச்சி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒலிக்கும் பொருளுக்கும் உறவில்லை என்றும் தெரியும். பிள்ளையின் நெஞ்சில் அந்தச் சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது.

"கீஷா," என்றார். ஈரக் கோணி நாக்கின்மேல் இழுபட்டுப் போவதுபோல இருந்தது. குமட்டலை விழுங்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "கீஷா. டேய் கீஷா. தரைத்துணி. யாருக்கும் வேண்டாதவனே. உன்னை யாரு எடுத்துட்டுப் போவா? கீஷா." ஸனிய்யா பிள்ளையை வாங்கி அதன் வாயில் மாரை வைத்தாள். அது ஒருமுறை திமிறியது, ஒருமுறை இருமியது, பிறகு பற்றிக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. மச்சான் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுப்பு அணைந்தது. பிள்ளை குடித்துவிட்டு வாய் திறந்தபடி உறங்கியது, சீழ்க்கை கொஞ்சம் தணிந்திருந்தது.

"தூங்கிட்டான்," என்றாள் ஸனிய்யா. "போதும், நிறுத்துங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கூப்பிடுவதை நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை.